கல்லடி உப்போடையில் ஓர் அளவுகோல்: சுவாமி விபுலாநந்தர் எண்ணிய வளர்ச்சி

1924ஆம் ஆண்டு மட்டக்களப்பு வாவியின் மேல், நகரையும் கல்லடியையும் இணைக்கும் இரும்புப் பாலம் அமைந்தது. அன்றைய பிரித்தானிய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவியுடைய பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதே ஆண்டு சித்திரைப் பௌர்ணமியில், சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் காரைதீவைச் சேர்ந்த 32 வயது விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் துறவறம் ஏற்று, விபுலாநந்தர் என்ற பெயரைப் பெற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அந்தப் பாலத்தின் கிழக்குக் கரையில் உள்ள கல்லடி உப்போடையில் அவர் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

பாலமும் வளர்ச்சிதான், பாடசாலையும் வளர்ச்சிதான். ஆனால் பாலத்தின் நீளத்தை அளக்கலாம், செலவைச் சொல்லலாம், திறப்பு விழாவில் நாடாவை வெட்டலாம். ஒரு பாடசாலை ஓர் ஊருக்கு என்ன செய்தது என்பது இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். அதனால் அரசுகளின் கணக்குப் புத்தகங்களில் பாலத்துக்கு எளிதில் இடம் கிடைக்கிறது. ஒரு நாடு முன்னேறியிருக்கிறதா என்பதைப் பணத்தை எண்ணிப் பார்ப்பதா, மக்கள் வாழும் வாழ்வைப் பார்ப்பதா என்ற கேள்வி உலகெங்கும் கேட்கப்படுகிறது. போரிலிருந்து மீண்ட மட்டக்களப்புக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. இந்த மண்ணில் பிறந்த விபுலாநந்தர் பொருளாதார நூல் எதையும் எழுதவில்லை. ஆனால் 55 ஆண்டுகள் மட்டுமே நீடித்த தன் வாழ்வை எங்கே செலவிட்டார் என்பதைப் பார்த்தால், அவர் எதை முன்னேற்றம் என்று எண்ணினார் என்பது விளங்கும்.

காரைதீவிலிருந்து இலண்டன் பட்டம் வரை

1892 மார்ச் 27ஆம் திகதி காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மயில்வாகனன். வடக்கே சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூரும் என, முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே கடலோரமாக இருக்கும் தமிழ்க் கிராமம் காரைதீவு. இன்று அது அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. 1961 வரை அந்தப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

அந்தக் காலத்தில் கிழக்கில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷனின் பாடசாலை 1814இலும், கத்தோலிக்க மிஷனின் புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தொடங்கப்பட்டிருந்தன. ஊரில் தமிழ் படித்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். படித்த கல்லூரியிலேயே சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார்.

அதன் பின் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா என்று படிப்பு நீண்டது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இலங்கையர் என்று அவரைச் சொல்வார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் முடித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

காலனித்துவ இலங்கையில் தமிழும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் ஒருசேரக் கைவந்த இளைஞருக்கு அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் காத்திருந்தன. ஒரு குடும்பத்தின் வெற்றியை அப்போதும் அப்படித்தான் அளந்தார்கள். 1922இல் அவர் அதை விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பிரம்மச்சாரியாகச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்பது அப்போது அவருக்குக் கிடைத்த பெயர். மடத்தின் தமிழ் இதழான இராமகிருஷ்ண விஜயத்தையும், ஆங்கில இதழான வேதாந்த கேசரியையும் கவனித்துக்கொண்டார். 1924இல் சந்நியாசம் பெற்று, அடுத்த ஆண்டே இலங்கைக்குத் திரும்பினார்.

துறவி நடத்திய பாடசாலைகள்

துறவு பூண்டவர் தனிமையைத் தேடிப் போகவில்லை. வருகைப் பதிவேடு, கட்டட நிதி, ஆசிரியர் நியமனம் என்று ஒரு பாடசாலை முகாமையாளருக்கு உரிய அத்தனை தலையிடிகளையும் ஏற்றுக்கொண்டார். இலங்கையில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பாடசாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. திருகோணமலை இந்துக் கல்லூரி, யாழ்ப்பாணம் வைத்தீஸ்வர வித்தியாலயம், பிறந்த ஊரான காரைதீவில் பெண் பிள்ளைகளுக்கான சாரதா வித்தியாலயம் என அவருடைய பணி வடக்கிலும் கிழக்கிலும் பரந்தது. 1929இல் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயத்துக்கு, தனக்குச் சந்நியாசம் வழங்கிய குருவின் பெயரை வைத்தார். தூரத்துக் கிராமத்து ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரை இழந்தவர்களும் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அங்கே அமைந்தது.

வாவிக்கு மேற்கே, சூரியன் மறையும் பக்கம் இருப்பதைப் படுவான்கரை என்றும், கிழக்கே கடலோரம் இருப்பதை எழுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் சொல்வார்கள். நெல்லும் பாலும் படுவான்கரையில் விளையும். பாடசாலையும் வைத்தியசாலையும் கச்சேரியும் எழுவான்கரையில் இருக்கும். தோணியில் வாவியைக் கடந்துதான் அந்தப் பிள்ளைகள் எழுத்தை எட்ட வேண்டியிருந்தது. இவ்வளவு நெல் விளையும் பகுதி ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு, விளைச்சல் கணக்கில் விடை கிடைக்காது. விளைவித்தவனின் பிள்ளை எங்கே படிக்கிறது, நோய் வந்தால் எங்கே போகிறது என்று கேட்டால்தான் கிடைக்கும். மாணவர் இல்லத்தின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது பணத்தைத் தேவையற்றதாக அவர் நினைத்தார் என்று ஆகிவிடாது. பாடசாலைகளுக்கு அரசின் நன்கொடைப் பணமும் ஊர்ப் பெரியவர்கள் தந்த காணிகளும் வேண்டியிருந்தன. வசதி படைத்தவர்களின் வாசலுக்கு அவர் போனார். பணம் அவருக்கு ஒரு கருவி. அந்தக் கருவியால் எத்தனை பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள் என்பதே அவருடைய கணக்கு.

திருவேட்களம்

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்தர் பொறுப்பேற்றார். தமிழ் உலகில் அதைவிடப் பெரிய கல்விப் பதவி அன்று இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே இருந்தது திருவேட்களம். அங்கே தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்கு மாலை வேளைகளில் போய், பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். காவி உடுத்தவர் சேரிக்குள் கால் வைப்பதே அந்தக் காலத்துச் சாதி ஒழுங்குக்கு ஒவ்வாத செயல். பகலில் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் விளக்கியவர், மாலையில் அரிச்சுவடியோடு இருந்தார்.

தமிழின் உயர்வைப் பேசியவர்கள் பலர். தமிழ் பேசும் பிள்ளை ஒன்று பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே எழுத்தறியாமல் இருக்கும்போது அந்த உயர்வுக்கு என்ன பொருள் என்பதைத் தன் மாலை நேரங்களால் கேட்டவர்கள் சிலர். நம் சமூகத்துக்கும் இந்தக் கேள்வி உரியது. சாதியைப் பற்றிப் பேசாமல் இனத்தின் முன்னேற்றத்தைப் பேசும் வழக்கம் ஈழத்துத் தமிழரிடமும் இன்னும் இருக்கிறது.

அண்ணாமலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் தங்கவில்லை. ஆனால் தமிழகத்தோடு பணி தொடர்ந்தது. 1934இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் ஆக்கும் பணியைத் தொடங்கியபோது அதில் முன்னின்றார். 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலிய துறைகளுக்கான தமிழ்ச் சொற்கள் 1938இல் நூலாக வந்தன. ஆங்கிலம் தெரிந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் விஞ்ஞானம் என்றால் அது சலுகை. தாய்மொழியில் கிடைத்தால்தான் அது எல்லாருடைய சொத்தாகும்.

அதே 1934இல் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு கணக்கு தொடங்கியது. சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு அந்நாட்டுச் சட்டசபைக்கு அறிக்கை கொடுத்தார். ஒரு நாட்டின் உற்பத்தி முழுவதையும் ஒரே தொகையாகச் சொல்லும் இன்றைய முறைக்கு அடிப்படை அதுதான். மக்களின் நல்வாழ்வை இந்தத் தொகையை வைத்து முடிவுசெய்துவிட முடியாது என்று அதே அறிக்கையில் அவரே எச்சரித்தும் இருந்தார். தொகையை உலகம் எடுத்துக்கொண்டது. எச்சரிக்கையை விட்டுவிட்டது.

யுத்த காலத்தில் ஒரு நட்பு

1939 முதல் சில ஆண்டுகள் இமயமலையில் உள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதா என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக விபுலாநந்தர் பணியாற்றினார். அவர் ஊர் திரும்பியபோது இரண்டாம் உலக யுத்தம் ஆசியாவுக்கு வந்திருந்தது. பர்மா அரிசி நின்றது. 1942இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு ஓர் இளம் அதிகாரி அனுப்பப்பட்டார். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்தவர்.

அரசு அவரிடம் கேட்டது நெல். கல்முனைப் பகுதி நெல்லைக் கொடுத்தது. அந்த வயல்களின் சொந்தக்காரர்களான முஸ்லிம்கள் கல்வியில் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள் என்பதை அஸீஸ் அங்கேதான் நேரில் கண்டார். அங்கே அவருக்கும் விபுலாநந்தருக்கும் நட்பு வளர்ந்தது. 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கமும், 1945இல் நாடு முழுவதற்குமான முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியும் அஸீஸின் முயற்சியால் உருவாகின. அந்தப் பணிக்கு விபுலாநந்தரின் தூண்டுதலும் ஒரு காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. இந்துத் துறவியும் முஸ்லிம் அதிகாரியும் தத்தம் சமூகத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரே கவலையோடு பேசிக்கொண்ட மண் இது. பிற்காலத்தில் இதே கரையில் நடந்தவற்றை நினைக்கும்போது அந்த நட்பின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழர் யாழை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயன். இசையின் சுருதிகளைக் கணக்கிட அவருடைய கணிதமும் பௌதிகமும் உதவின. 1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் தஞ்சைப் பகுதியின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அப்போதே உடல் தளர்ந்திருந்தது. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19இல் கொழும்பில் காலமானார். உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்தார்கள். சமாதி இன்றும் அங்கேதான் இருக்கிறது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

அவர் மறைந்த பிறகு இலங்கை உலகத்துக்கு ஒரு பாடமாக எடுத்துக்காட்டப்பட்டது. 1945இல் வந்த இலவசக் கல்வி, அரிசிப் பங்கீடு, கிராமங்கள்வரை சென்ற சுகாதார சேவை, மலேரியா ஒழிப்பு ஆகியவற்றின் பலனாக, 1946இல் 43 வயது அளவில் இருந்த சராசரி ஆயுட்காலம் பத்தாண்டுகளுக்குள் 60ஐ நெருங்கியது. ஏழை நாடாக இருந்தும் மக்களை வாழவைக்க முடியும் என்பதற்குக் கேரளத்தோடு சேர்த்து இலங்கையையும் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். 1970களில் பூட்டான் மன்னர் நாட்டின் மகிழ்ச்சியை அளவுகோலாக முன்வைத்தார். 1990இல் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், சென்னின் துணையோடு, ஆயுளையும் கல்வியையும் வருமானத்தையும் சேர்த்து மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணை ஐக்கிய நாடுகள் மூலம் வெளியிட்டார். தெற்காசியாவில் இலங்கை அதில் முன்னணியில் நின்றது.

அந்தப் பெருமை பொய்யல்ல. ஆனால் சராசரி என்பது ஒரு திரையுமாகும். சுதந்திரம் கிடைத்த 1948இலேயே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. நாட்டின் செல்வத்தைத் தேயிலையாகப் பறித்தவர்களின் லயன்களுக்கு நல்ல பாடசாலையும் வைத்தியசாலையும் கடைசியாகத்தான் போயின. கிழக்கில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் ஏக்கர் கணக்கிலும் நெல் கணக்கிலும் பெரிய சாதனை. அதோடு சேர்ந்து வந்த குடியேற்றம் தமிழ் பேசும் மக்களின் மனதில் விதைத்த அச்சத்துக்கு எந்தக் கணக்கிலும் பத்தி இருக்கவில்லை. 1956இல் அங்கே தமிழர் கொல்லப்பட்டார்கள். 1970களின் தரப்படுத்தல், இலவசக் கல்வியின் ஏணியில் ஏறி வந்த தமிழ் இளைஞர்களைப் பல்கலைக்கழக வாசலில் மறித்தது. நாட்டின் சுட்டெண் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

பின்னர் வந்த போரை இந்த இணையத்தின் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன், கல்லடிக்குச் சற்றுத் தெற்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். 2004இல் ஆழிப்பேரலை கல்லடியையும் காரைதீவையும் வாரிச் சென்றது. பாடசாலையும் பல்கலைக்கழகமும் அகதி முகாம்களாகவும் மரணத்தின் வாசல்களாகவும் மாறிய ஊரில், நல்வாழ்வு என்றால் என்ன என்பதை வருமானக் கணக்கு சொல்லாது.

புதிய பாலங்கள்

போர் முடிந்த பின் பாலங்கள் வந்தன. பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் படுவான்கரையையும் எழுவான்கரையையும் இணைத்தது. தோணிக்காகக் காத்திருந்த பிள்ளைத்தாய்ச்சிக்கும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் அந்தப் பாலத்தின் அருமை தெரியும். காப்பெற் வீதிகள் வந்தன. பாசிக்குடாவில் நட்சத்திர விடுதிகள் எழுந்தன. நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்கு 8 வீத அளவில் வளர்வதாக அரசு அறிவித்தது.

அதே காலத்தில், 2012/13ஆம் ஆண்டுக்கான அரசின் சொந்தக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 6.7ஆக இருந்தபோது மட்டக்களப்பில் அது 19.4. 2016இல் நாட்டில் 4.1 வீதமாகவும் மட்டக்களப்பில் 11.3 வீதமாகவும் குறைந்தது. குறைந்தது உண்மை, இடைவெளி தொடர்ந்து இருந்ததும் உண்மை. அந்த ஆண்டுகளில்தான் கணவரை இழந்த, கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களின் வாசலுக்கு நுண்நிதி நிறுவனங்கள் வாராவாரம் வந்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்ற சுழலில் பெண்கள் சிக்கினார்கள், தவணை கேட்டு வருபவருக்குப் பயந்து ஒளிந்தார்கள், சிலர் உயிரையும் மாய்த்தார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை இரத்துச் செய்வதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. தேசிய உற்பத்திக் கணக்கில் அந்தக் கடன்களின் வட்டி நிதிச் சேவையின் வளர்ச்சி. சாராயம் கூட விற்றால் அதுவும் வளர்ச்சி. மகனைத் தேடி வீதியோரக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் தாயின் நாட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

2022இல் அந்த வளர்ச்சியும் சரிந்து, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. விலைவாசி ஏறியபோது முதலில் குறைந்தது ஏழை வீட்டுச் சோறும் பிள்ளையின் பாடசாலைச் செலவும்தான். இப்போது மீண்டும் வளர்ச்சி வீதம் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

விபுலாநந்தரின் பெயர் இன்று மட்டக்களப்பில் எங்கும் இருக்கிறது. கல்லடியில் அவர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மார்ச்சிலும் ஜூலையிலும் சிலைக்கு மாலை விழுகிறது, முத்தமிழ் வித்தகர் என்ற பட்டம் மேடைகளில் ஒலிக்கிறது. அந்த மாலைகளுக்கு வருகிற அரசியல்வாதிகளிடமும் அதிகாரிகளிடமும் அவருடைய கணக்கில் சில கேள்விகளைக் கேட்கலாம். படுவான்கரையின் எத்தனை பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம்வரை கற்பிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள்? சாதாரண தரத்தோடு நின்று கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போன பிள்ளைகள் எத்தனை பேர்? கடனுக்காக வீட்டை விட்டு வெளியேறிய பெண்கள் எத்தனை பேர்? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் எத்தனைக்குப் பதில் கிடைத்திருக்கிறது? தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் பாடசாலைகள் எத்தனை?

இவற்றுக்கான எண்களைப் பிரதேச செயலகங்களும் கல்வி வலயங்களும் திரட்ட முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நம் கையில் இருக்கிறது. மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் எத்தனை கிலோமீற்றர் வீதி போட்டோம் என்று வாசிக்கப்படும் அறிக்கைக்குப் பக்கத்தில் இந்த எண்களும் வாசிக்கப்பட வேண்டும். நாட்டின் சராசரி அல்ல, மாவட்டத்தின் சராசரியும் அல்ல. திருவேட்களத்துச் சேரிப் பிள்ளையைப் போலக் கடைசியில் நிற்பவரிடமிருந்து எண்ணத் தொடங்கும் கணக்கு அது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாலையும் நடந்துபோய் அந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார்.